சும்மா இருக்க ஓர் இடம்: சென்னையின் ஞாயிற்றுக்கிழமைகள் குறித்துச் சில குறிப்புகள்

1

'இங்க என்ன பண்றீங்க?'

மெரினா மணலில் இரவு ஒன்பதரை மணி வாக்கில் ரோந்து வந்த ஒருவர் என்னைக் கேட்டது இது. 'சும்மாதான் உக்காந்திருக்கேன் சார்' என்றேன். 'சும்மான்னா?' என்றார். எனக்கு மேற்கொண்டு பதில் தெரியவில்லை. கையில் சுண்டல் பொட்டலம் இருந்திருந்தால் அதைக் காட்டியிருப்பேன். பக்கத்தில் குழந்தை இருந்திருந்தால் கேள்வியே வந்திருக்காது. 'கெளம்புங்க, கெளம்புங்க' என்று லத்தியால் காற்றைத் தள்ளிவிட்டு அவர் போய்விட்டார். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

சைவ மரபில் சும்மா இருத்தல் ஞானத்தின் உச்சநிலை. நகரத்தில் அதுவே சந்தேகத்திற்குரிய செயல். இந்த முரண் சென்னை போன்ற ஒரு நகரத்தில் ஒரு மனிதன் தன் ஞாயிற்றுக்கிழமையை எங்கே, எவ்வளவு செலவில் கழிக்க முடியும் என்கிற மிகச் சாதாரணமான கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது என்று எனக்குப் படுகிறது. ஊருக்குப் புதிதாக வருகிற பையன்களும் பெண்களும் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதுதான்: 'லீவு நாள்ல எங்க போறது? காசு செலவழிக்காம ஏதாச்சும் இருக்கா?' பட்டியல் ஒன்று கொடுத்துவிடலாம். ஆனால் பட்டியல் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஏன் இருப்பதில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் எழுதிய நூலொன்றில் 'மூன்றாம் இடம்' என்றொரு கருத்தாக்கத்தை முன்வைத்தார். வீடு முதல் இடம், வேலைத்தலம் இரண்டாம் இடம். இவ்விரண்டும் அல்லாத, எவரும் எவரையும் அழைக்காமலேயே வந்து கூடுகிற காப்பிக்கடை, முடிதிருத்தகம், மதுக்கூடம், புத்தகக்கடை முதலானவை மூன்றாம் இடம். அங்கே அந்தஸ்து வாசலில் கழற்றி வைக்கப்படுகிறது, பேச்சே முதன்மையான காரியமாகிறது என்பது அவர் வாதம். அதற்கு முன்பே, 1962இல், ஹேபர்மாஸ் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் காப்பி இல்லங்களிலிருந்து முதலாளியப் பொதுவெளி உருவான கதையைச் சொல்லியிருந்தார்.

இதை அப்படியே எடுத்துச் சென்னைக்குப் போர்த்துவதில் சிக்கல் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நான் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர். எனக்கு முதல் இடம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கட்டிலும் அதன் அடியில் ஒரு பெட்டியும்தான். ஞாயிறு இரவு மெஸ்ஸும் கிடையாது. ஆக, ஓய்வுக்காக வெளியே போனேன் என்று சொல்ல முடியாது; உட்கார இடமில்லாமல் வெளியே போனேன். வீட்டிலேயே அப்பளம் இடுகிற, பூக்கட்டுகிற பெண்ணுக்கோ முதல் இடமும் இரண்டாம் இடமும் ஒன்றே. இவர்களுக்கு 'மூன்றாவது' என்று எதை எண்ணுவது? எண்ணிக்கையே ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தின் எண்ணிக்கை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தஸ்தைக் கழற்றி வைக்கிற விஷயமும் அப்படித்தான். நம்முடைய காப்பி ஹோட்டல்களில் அந்தஸ்து வாசலிலேயே பெயர்ப்பலகையாகத் தொங்கியது. அதே திருவல்லிக்கேணியில்தான் 1957இல் முரளி கபே முன்பாக, பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் திராவிடர் கழகம் போராட்டம் நடத்தியது. மாதக்கணக்கில் நாள்தோறும் தொண்டர்கள் மறியல் செய்து கைதானார்கள். அப்போதும் கையில் காசிருந்தால் யாரும் உள்ளே போய்க் காப்பி சாப்பிட்டிருக்கலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. பிரச்சினை காப்பியின் விலை அல்ல, உட்காருவதன் விலை.

ஓர் இடத்தில் உட்காருவதற்கு நாம் கொடுக்கிற விலை மூன்று வகைப்பட்டது என்று தோன்றுகிறது. காசு, தூரம், காரணம். 'இலவசம்' என்று அறிவிக்கப்படும் நிகழ்ச்சிகள் பலவும் முதலாவதை மட்டுமே தள்ளுபடி செய்கின்றன. மற்ற இரண்டையும் முழுவதுமாக வசூலித்துவிடுகின்றன.

3

முதலில் காசு.

கதீட்ரல் சாலையில் 1962இலிருந்து 2008வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் இருந்தது. காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடுவதற்காக ஏற்பட்ட இடம் என்றாலும் கார் இல்லாதவர்களுக்கும் உள்ளே மேசைகள் உண்டு. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், உதவி இயக்குநர்கள், வேலை தேடுகிறவர்கள், கல்லூரிப் பையன்கள், அரை குறையாக எழுதிக் கொண்டிருந்த என் போன்றவர்கள் எல்லோரும் மரநிழலில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். சர்வர் வந்து 'வேற?' என்பார். 'அப்புறம்' என்போம். அவரும் போய்விடுவார். அந்த 'அப்புறம்' என்ற சொல்லில்தான் அந்த இடத்தின் மொத்தப் பொருளாதாரமும் அடங்கியிருந்தது. காப்பிக்குக் கொடுத்தது நாற்காலி வாடகை; வாடகைக்குக் கால அளவு குறிக்கப்படவில்லை.

தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த அரசு நிலம் அது. மீட்கப்பட்டு, 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. அழகான பூங்காதான், சந்தேகமில்லை. ஆனால் வாசலில் சீட்டு வாங்க வேண்டும். 2024 அக்டோபரில் அதே சாலையில் சுமார் 6 ஏக்கர் பரப்பில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், சிறியவர்களுக்கு 50. உள்ளே கம்பிவடத்தில் தொங்கிச் செல்வது, இசை நீரூற்று போன்றவற்றிற்குத் தனித்தனிக் கட்டணம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வாசலைத் தாண்டவே 300 ரூபாய். அரசு நிலம், அரசுப் பூங்கா, அரசு அதிகாரிகளே நடத்துவது. தனியார்மயம் என்ற சொல்லை இங்கே பயன்படுத்த முடியாது. என்றாலும் பூங்கா என்ற கருத்தே மாறிவிட்டது. முன்பு பூங்கா நாம் எதையாவது செய்வதற்கான இடம்; இப்போது நமக்கு ஏதாவது காட்டப்படும் இடம். காட்சி இருந்தால் கட்டணமும் இருக்கும்.

லெஃபெவர் 1968இல் 'நகரத்திற்கான உரிமை' பற்றி எழுதும்போது நகரத்தின் பயன்பாட்டு மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் இடையிலான மோதலைத்தான் பேசினார். அதை நான் மேற்படி சாலையின் இரண்டு வாசல்களில் நின்றே புரிந்துகொண்டேன்.

இதற்கு மாறான உதாரணங்களும் இந்நகரத்தில் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகம்; அதன் சின்ன அரங்கில் நடந்த புத்தக வெளியீடுகளுக்கும் விமர்சனக் கூட்டங்களுக்கும் கணக்கு வைத்தவர் யாருமில்லை. கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம். இதில் சொந்தப் புத்தகத்தை எடுத்துவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. நூலகத்துப் புத்தகத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை; மேசை, நாற்காலி, மின்விசிறி, கழிப்பறை எல்லாம் காசில்லாமல். ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போய்ப் பாருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு வந்து இடம் பிடித்திருப்பார்கள். வீட்டில் மேசை இல்லாதவர்களின் மேசை அது. 2011இல் அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப்போவதாக அரசு அறிவித்ததும், உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் நினைவிருக்கும். மருத்துவமனை பயனுள்ளது, நூலகம் சும்மா இருப்பது என்கிற பார்வை அதில் இருந்ததா இல்லையா என்பதை வாசகரே யோசிக்கலாம்.

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் காட்சிக்கூடத்திலும் ஓவியம் பார்க்கக் காசு கிடையாது. மார்கழியில் சபாக்களின் மதியக் கச்சேரிகள், இளையவர்கள் பாடுபவை, பலவும் இலவசம். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் மாதத்தின் முதல் ஞாயிறு ஒலிபெருக்கி இல்லாமல் கச்சேரி வைக்கிறார்கள். போகலாம். நான் போயிருக்கிறேன். ஆனால் இங்கேதான் இரண்டாவது விலை வருகிறது.

4

மேலே சொன்ன இடங்களைச் சென்னை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். எழும்பூர், கதீட்ரல் சாலை, மயிலாப்பூர், கோட்டூர்புரம். அயல்நாட்டுப் படங்கள் திரையிடப்படும் மாக்ஸ்முல்லர் பவனும் அலியான்ஸ் பிரான்சேயும் நுங்கம்பாக்கம். எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடும். 2000ஆம் ஆண்டிலிருந்து நகரின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க்கரைகளிலும் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கொண்டுபோய் விடப்பட்ட கண்ணகி நகரையும், பின்னர் பெரும்பாக்கத்தையும் அதே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இன்று அது ஏறக்குறைய 15 கிலோமீட்டர். கடற்கரை அன்றும் இலவசம், இன்றும் இலவசம். தூரம் மட்டும் புதிதாக விதிக்கப்பட்ட கட்டணம்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசமாயிற்று. இதை வேலைக்குப் போகும் பெண்களுக்கான உதவியாகவே பேசுகிறார்கள். ஞாயிறு மாலை அந்தப் பேருந்துகளில் ஏறிப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அது பெண்களின் ஓய்வுக்குக் கிடைத்த உதவியும்தான். 'சும்மா பீச் வரைக்கும் போயிட்டு வரலாம்னு வந்தோம்' என்று ஓர் அம்மா நடத்துநரிடம் சொல்லிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். பயணத்திற்குக் காரணம் சொல்லத் தேவையில்லாத நிலை எவ்வளவு பெரிய விஷயம்!

தூரத்தை இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். மையத்திலிருந்து பார்த்தால்தான் வடசென்னை 'எதுவும் இல்லாத' பகுதி. அங்கே தெருவுக்குத் தெரு கேரம் மன்றங்கள், படிப்பகங்கள், குத்துச்சண்டைக் கூடங்கள், கால்பந்துத் திடல்கள் இருக்கின்றன. எந்த வழிகாட்டியிலும் இவை வருவதில்லை. மாலையானால் ஒரு தகரக் கூரைக்கடியில் குண்டு பல்பைத் தொங்கவிட்டுக்கொண்டு நான்கு பேர் ஆடுவார்கள், பத்துப் பேர் பார்ப்பார்கள். 'வெட்டிப் பசங்க' என்று வீட்டில் திட்டு விழும். இப்படிப்பட்ட கேரம் பலகைகளிலிருந்துதான் வியாசர்பாடி இளவழகி 2008இலும், புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024இலும் உலகப் பட்டம் வரை போனார்கள். பட்டம் வாங்கினால்தான் அந்த இடங்களுக்கு மதிப்பு என்று சொல்லவரவில்லை. பட்டம் வாங்காத பத்துப் பேரும் அங்கே இருந்தார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

பாட்டின் தூரத்தைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்தன. 2015இல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கிற்று. சபாவில் பாடுகிறவர்கள் குப்பத்தில் பாடினார்கள். வில்லுப்பாட்டும் பறையாட்டமும் கர்நாடக இசையும் ஒரே மேடை ஏறின. இதை மேட்டிமையின் பெருந்தன்மை என்று விமர்சித்த நண்பர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. மீதிப் பாதி, நான் அங்கே மணலில் உட்கார்ந்திருந்தபோது என் முன்னாலிருந்த கிழவி ஆலாபனை நீண்டதும் எழுந்து வீட்டுக்குப் போய் உலையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததால் வந்தது. சபாவில் இப்படி எழுந்து போக முடியாது. அந்த மாலையில் இசையை விட இடம்தான் அவளுடையதாக இருந்தது. 2020இல் தொடங்கிய மார்கழியில் மக்களிசை எதிர்த்திசையில் போனது. கானாவும் பறையும் மார்கழி மாதத்திற்கே உரிமை கோரின. 2007இல் தொடங்கி நின்றுபோய், 2023 பொங்கலிலிருந்து மீண்டும் நடக்கிற சென்னை சங்கமம், கிராமக் கலைகளைப் பூங்காக்களுக்கும் திடல்களுக்கும் கொண்டுவருகிறது. இவை மூன்றும் ஒன்றல்ல. இடத்தை யார் அழைக்கிறார், யார் அழைக்கப்படுகிறார் என்பதில் மூன்றும் வேறுபடுகின்றன.

5

மூன்றாவது விலை காரணம். இதுதான் மிகக் கடினமானது, ஏனென்றால் அது எங்கும் எழுதி ஒட்டப்படுவதில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு தோழியிடம் மேற்படி மெரினாச் சம்பவத்தைச் சொல்லி அங்கலாய்த்தேன். அவர் சிரித்தார். 'உங்களை அம்பது வயசுக்கு மேலதான் ஒருத்தர் கேட்டிருக்கார். என்னைப் பதிமூணு வயசிலேருந்து கேக்குறாங்க. நான் எங்கயாச்சும் தனியா உக்காரணும்னா கையில ஒரு பை வேணும், காதுல போன் வேணும், யாருக்கோ காத்திருக்கிற மாதிரி அப்பப்ப ரோட்டைப் பாக்கணும்' என்றார். மும்பையை ஆய்வு செய்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய நூல் இதைத்தான் கோட்பாடாக்கியது. பெண்ணுக்குப் பாதுகாப்புத் தருகிறோம் என்பதைவிட, காரணமின்றிச் சுற்றித் திரிய அவளுக்குள்ள உரிமையைப் பேச வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. திண்ணை, டீக்கடை பெஞ்சு, மேன்ஷன், கேரம் மன்றம் என்று நான் ஏக்கத்தோடு அடுக்குகிற அனைத்தும் பெரும்பாலும் ஆண்களின் இடங்கள் என்பதை அத்தோழி சுட்டிக்காட்டிய பிறகே நான் கவனித்தேன். என் ஏக்கத்திலேயே ஒரு பால் இருந்திருக்கிறது.

காரணம் கேட்கும் அதிகாரம் தனி ஆளை மட்டும் கேட்பதில்லை, கூட்டத்தையும் கேட்கிறது. சென்னையின் மிகப் பழைய இலவச மாலை நிகழ்ச்சி எது? கடற்கரை அரசியல் கூட்டம்தான். 1907இல் விபின் சந்திர பாலர் இங்கே தொடர் சொற்பொழிவு ஆற்றினார். ஏற்பாடு செய்தவர்களில் பாரதி ஒருவர். 1923இல் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இரு இடங்களில் ஒன்று திருவல்லிக்கேணி கடற்கரை. பிறகு பல பத்தாண்டுகள் சீரணி அரங்கில் எல்லாக் கட்சியும் பேசின. ஜனங்கள் சுண்டல் தின்றபடியே கேட்டார்கள். கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர், காற்று வாங்க வந்தவர் எல்லோருக்கும் மணல் ஒன்றுதான். காற்று வாங்க வந்தவர் பேச்சில் சிக்கிக்கொள்வார், பேச்சுக் கேட்க வந்தவர் தூங்கிவிடுவார். பொதுவெளி என்று நாம் மொழிபெயர்த்துப் பேசுகிற சங்கதி இதற்குள்தான் கிடந்தது.

சீரணி அரங்கம் 2003இல் இடிக்கப்பட்டது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ஒரு வாரம் மெரினாவில் திரண்டவர்கள் கடைசியில் வலுக்கட்டாயமாகக் கலைக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே போராட்டக் கூட்டங்களுக்கு அனுமதி கிடைப்பதில்லை. அந்தக் கடற்கரையில் பேசி வளர்ந்த தலைவர்கள் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்களைப் போய்ப் பார்க்கத் தடையில்லை. அவர்கள் செய்ததைச் செய்யத்தான் தடை. கூட்டத்துக்கு விதிக்கப்பட்டதும் தனியாளான என்னிடம் இரவு ஒன்பதரைக்குக் கேட்கப்பட்டதும் ஒரே கேள்விதான்.

6

அப்படியானால் ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

எனக்குத் தெரிந்த வழி இதுதான். ஓர் இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். காசு கொடுத்தபின் எவ்வளவு நேரம் உட்காரவிடுவார்கள்? கடைசி பஸ்ஸை நினைத்துப் பதறாமல் இருக்க முடியுமா? யாராவது வந்து 'என்ன வேணும்?' என்று கேட்பார்களா, கேட்டால் 'சும்மா' என்ற பதில் செல்லுமா? மூன்றிலும் தேறுகிற இடம் கிடைத்தால் அடுத்த வாரமும் அதே நேரத்தில் போங்கள். ஒருமுறை போனவர் பார்வையாளர். நாலு முறை போனால் டீக்கடைக்காரர் சர்க்கரை அளவைத் தெரிந்துகொள்கிறார். இடம் அப்போதுதான் உருவாகத் தொடங்குகிறது. இடங்களைக் கண்டுபிடிப்பது என்கிறோம், உண்மையில் அவை உட்கார்ந்து உட்கார்ந்து உண்டாக்கப்படுகின்றன.

1990களில் இலக்கியக் கூட்டத்துக்கான அழைப்பு 15 காசு அஞ்சலட்டையில் வரும். இப்போது வாட்ஸப்பில் வருகிறது. கூட்டத்துக்கு வருகிற தலைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது, பதினைந்து அல்லது இருபது. ஞாநியும் பாஸ்கர் சக்தியும் கே.கே. நகரில் ஞாநியின் வீட்டுக் கிணற்றடியில் மாதந்தோறும் ஒரு ஞாயிறு நடத்திய 'கேணி' கூட்டத்துக்கு அரங்க வாடகை இல்லை, மேடை இல்லை, பொன்னாடை இல்லை. பேச வருகிறவரும் கேட்க வருகிறவரும் அதே பிளாஸ்டிக் நாற்காலி. ஞாநி 2018இல் காலமானார். ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தை நகரத்துக்குத் திறந்துவைக்கலாம் என்பதை அந்தக் கிணறு காட்டியது. அப்படித் திறக்கக் கொல்லைப்புறம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கேள்வி. மொட்டை மாடி உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்த இரவுக்குப் பிறகும் நான் மெரினாவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் ஒன்பது மணிக்கே எழுந்துவிடுகிறேன். அரைமணி நேரம் குறைந்துவிட்டது. பெரிய இழப்பில்லைதான். யாரும் கணக்கெடுக்காத இப்படிப்பட்ட அரைமணி நேரங்களாகத்தான் நகரம் நம்மிடமிருந்து போகிறது என்று நினைக்கிறேன். உங்கள் ஊரில் காரணம் கேட்காத இடங்கள் எவை, அவற்றில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் உட்காரவில்லை என்பதை வாசகர்கள் எழுதினால் இந்தக் குறிப்புகளைத் திருத்திக்கொள்ள உதவியாக இருக்கும்.